பூண்டுக்குக் கட்டிய விஞ்சு

பூண்டு மூட்டை ஏற்ற விஞ்சு கட்டப்போவதாக அப்பா சொன்னபோது ஊரே நம்பியது. நான் நம்பவில்லை. எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும்.

பூம்பாறையில் எங்கள் வீடு வயலுக்கெல்லாம் கீழே, ஓடைக்கரையில் இருந்தது. ரோடு உச்சியில். நடுவில் அடுக்கடுக்காகப் பூண்டு வயல், அதன் ஓரமாக நெட்டுக்குத்தாக ஒரு ஒற்றையடிப் பாதை. இப்போது வாசல் வரை ஜீப் வருகிறது. அப்போது எதுவானாலும் முதுகில்தான் ஏற வேண்டும். பாதி ஏற்றத்தில் ஒரு நாவல் மரம். சுமைகாரர்கள் அங்கே இறக்கி வைத்து மூச்சு வாங்குவார்கள். அப்பாவும் அப்படித்தான் செய்வார். ஆனால் முந்தின வருஷ மழைக்குப் பிறகு எவ்வளவு பாரமானாலும் அவர் அந்த மரத்தடியில் நிற்பதில்லை.

அந்த மழையில் நான் ஊரில் இல்லை. அம்மாவுக்கு வயிற்று வலி என்று சொல்லி என்னைக் கவுஞ்சியில் அத்தை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். திரும்பி வந்தபோது அம்மா மெலிந்திருந்தாள், பேச்சும் குறைந்திருந்தது. ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கூச்சம் இன்னும் போகவில்லை.

தைப்பூசத்துக்குப் பழனிக்குப் போனோம். அங்கே அப்பா சாமியைப் பார்த்ததைவிட மலை ஏறும் விஞ்சைப் பார்த்ததுதான் அதிக நேரம். ஊர் திரும்பியதும் வேலையைத் தொடங்கிவிட்டார். தைல மரக் கட்டைகளை இரண்டு வரிசையாக, நடுவே குறுக்குக் கட்டைகளோடு, பாதையை ஒட்டியே ஓடையிலிருந்து ரோடு வரை பதித்தார். மேலே கையால் சுற்றும் உருளை, அதில் கம்பிக் கயிறு, கயிற்றின் நுனியில் சக்கரம் வைத்த பெட்டி.

பண்ணைக்காட்டிலிருந்து வந்த மாமா, அம்மாவின் தம்பி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"பூண்டுக்கே விஞ்சுன்னா, உருளைக்கெழங்குக்கு ஏரோப்பிளேனா மச்சான்?"

அப்பா சிரிக்கவில்லை. அங்கேதான் என் சந்தேகம் வலுத்தது. பெட்டியைப் பார்த்தேன். மூட்டைக்கு எதற்கு அவ்வளவு நீளம்? யாரும் இல்லாதபோது ஏறிப் படுத்துப் பார்த்தேன். என்னைவிடப் பெரிய ஆளே கால் நீட்டலாம். அடியில் கம்பளி விரித்திருந்தது. பூண்டுக்குக் குளிருமா?

ஒருநாள் பெட்டியில் மூட்டைகளை ஏற்றி, பாதி மலையில் நிறுத்தி, கயிற்றின் கொக்கியை அப்பாவே சுத்தியலால் தட்டிக் கழற்றிவிட்டார். பெட்டி தடதடவென்று கீழே பாய்ந்து ஓடைப் பாறையில் சிதறியது. தண்ணீரெல்லாம் பூண்டு மிதந்தது. அம்மா வாசலுக்குக்கூட வரவில்லை. "பூண்டுதானே போச்சு," என்றார் அப்பா. நிம்மதியாகச் சொன்ன மாதிரி இருந்தது. அவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பக்கத்து வயல்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

பிறகு கொல்லரிடம் போய் இரும்பு நகம் ஒன்று செய்து வந்து புதுப் பெட்டிக்கு அடியில் மாட்டினார். மறுபடியும் கொக்கியைத் தட்டினார். பெட்டி கொஞ்சம் சறுக்கியது, நகம் குறுக்குக் கட்டையைக் கவ்வியது, நின்றுவிட்டது. அப்பா அப்படியே வரப்பில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஒரு பூண்டுகூடச் சிந்தாததற்கு எதற்கு அழுகிறார்?

அன்று சாயங்காலம், காய்வதற்காகப் புகையில் தொங்கிய பூண்டுக்கட்டுகளுக்குப் பின்னால் நின்று மாமாவும் அப்பாவும் பேசியதைக் கேட்டேன்.

"மழை புடிக்கறதுக்குள்ள அக்காவ எங்கூட அனுப்பிருங்க மச்சான். போன தடவ மாதிரி ஆயிரக் கூடாது."

"இந்த எடத்த விட்டு வரமாட்டேங்கிறாளே. நேரம் வரட்டும், நானே ஏத்தி அனுப்பிருவேன்."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெட்டி அம்மாவுக்கு. அம்மாவைப் பிறந்த வீட்டுக்கே அனுப்பிவிடப் போகிறார்கள். அன்றிலிருந்து அவள் சேலையைப் பிடித்துக்கொண்டேதான் அலைந்தேன். எந்நேரமும் கம்பளி போர்த்தியிருந்த அவள் வயிறு எனக்குக் கண்ணில் படவே இல்லை.

மழை பிடித்த ஒரு காலையில் அப்பா அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து பெட்டியில் படுக்க வைத்தார். நான் பாய்ந்து ஏறிக்கொண்டேன்.

"ஏ புள்ள, வெரசா எறங்கு," என்றார் அப்பா.

"வரட்டும்," என்றாள் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு. "எங் கையப் புடிச்சுக்கிரட்டும்."

மேலே மாமா உருளையைச் சுற்றினார். பெட்டி முனகிக்கொண்டு ஏறியது. அப்பா ஒரு கையைப் பெட்டியில் வைத்தபடி பக்கத்திலேயே நடந்தார். பாதி ஏற்றம் வந்ததும் சட்டென்று பெட்டிக்கும் பாதைக்கும் நடுவில் ஒட்டி வந்தார். அம்மா என் கையை உதறிவிட்டு என் கண்களைப் பொத்தினாள். "பாக்காத தாயி," என்றாள். பள்ளத்தைப் பார்த்துப் பயந்துவிடுவேன் என்று பொத்துகிறாள் என நினைத்தேன்.

ரோட்டில் ஜீப் நின்றது. கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் தம்பி பிறந்தான். அதே பெட்டியில் அம்மா மடியில் இறங்கி வந்தான். அதற்குப் பிறகு அப்பா தன் சொல்லைக் காப்பாற்றுகிறவர் மாதிரி அதில் பூண்டும் ஏற்றினார்.

எனக்கே பேறுகாலம் நெருங்கிய சமயத்தில்தான் அம்மா சொன்னாள். முந்தின மழையில் அவளைக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு வழுக்குப் பாதையில் ஏறியிருக்கிறார்கள். பாதியிலேயே இறக்க வேண்டி வந்துவிட்டது. பெண் குழந்தை. அழவே இல்லையாம். அங்கேயே புதைத்துவிட்டார்கள்.

பள்ளம் பெட்டிக்கு அந்தப் பக்கம். என் பக்கம் நாவல் மரம்தான் இருந்தது.