ஆழ்ந்த மூச்சும் மலைப்பூண்டும்

கொடைக்கானலில் உள்ள அந்த ஆஸ்பத்திரியில் சண்முகசுந்தரி எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ‘இந்தா வந்துட்டேன் சிஸ்டர்’ என்று கேட்டால் வாட்ச்மேன்கூடக் கைகாட்டுவார். பழனி அடிவாரத்துப் பூக்கடைக்காரர் மகள். நர்ஸ் வேலைக்கு மலையேறிப் பதினோரு வருஷம். வார்டில் முப்பத்திரண்டு கட்டில், பகலில் இரண்டு நர்ஸ், அதில் ஒருவருக்கு எப்போதும் லீவு. ஆகவே ஒரு கட்டிலருகே நின்றபடி நாலு கட்டிலுக்கு “இந்தா வந்துட்டேன்” சொல்வாள். பொய்யில்லை, வந்துவிடுவாள். எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்வதில்லை.

சாப்பாடெல்லாம் நின்றபடிதான். ஒருநாள் சும்மா தன் கையிலேயே பிரஷர் பட்டையைச் சுற்றிப் பார்த்தாள். நூற்றறுபது காட்டியது. ‘மிஷின் ரிப்பேர்’ என்று நோட்டில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

இவளைப் போன்றவர்கள்மேல் இரக்கப்பட்டு மேலிடம் ஓர் உத்தரவு போட்டது. செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, வராண்டா டிவியில் ‘மன அழுத்தம் போக்கும் பயிற்சி’. வராதவர்களும் பாதியில் எழுந்து போகிறவர்களும் எழுத்தில் விளக்கம் தரவேண்டும். எல்லோரும் போய் உட்கார்ந்தார்கள். வார்டில் நோயாளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டிவியில் ஒருவர் தேன் குரலில் ஆரம்பித்தார். “கண்களை மூடுங்கள். மனசுக்குப் பிடித்த குளிர்ச்சியான ஓர் இடத்தை நினையுங்கள். உதாரணமாக, கொடைக்கானல்.”

பக்கத்து நாற்காலியில் இருந்த வார்டு ஆயா பொன்னுத்தாய் கிசுகிசுத்தாள். “ஏக்கா, அப்ப நாம இப்ப எங்க கெடக்கோம்?”

“பேசாம நெனச்சுக்க புள்ள. சொல்றாங்கல்ல.”

“இப்போது ஆழ்ந்து மூச்சை இழுங்கள்” என்றது டிவி.

சண்முகசுந்தரி இழுத்தாள். அப்படி இழுத்து வருஷக்கணக்கு ஆகியிருந்தது. மூக்குக்குள் மூடுபனி வரவில்லை, பச்சைப் பூண்டு வாடைதான் வந்தது. ஒற்றைக் கண்ணைத் திறந்தாள்.

எதிரே பல் டாக்டர் அறை வாசலில், கோட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு ஆண்டிச்சாமி உட்கார்ந்திருந்தார். பள்ளங்கியில் பூண்டு விவசாயம். போன வருஷம் மதுரையில் நெஞ்சைத் திறந்து இரும்பு வால்வு வைத்துவிட்டார்கள். அதில் ரத்தம் உறையாமலிருக்க ஆயுசுக்கும் மாத்திரை. மருந்து குறைந்தால் வால்வு அடைக்கும், கூடினால் கசியும் ரத்தம் நிற்காது. அதனால் மாதாமாதம் சண்முகசுந்தரியிடம் ரத்தம் கொடுத்துச் சோதிக்கவேண்டும். அமைதியான அறையில் அவர் நெஞ்சு டிக் டிக் என்று கேட்கும். “மனுசன் இருக்காரான்னு தொட்டுப் பாக்குற சோலி மிச்சம்” என்பாள் மனைவி சின்னத்தாயி. பூண்டு அறுவடை வந்ததால் ரெண்டு மாதமாக ஆளைக் காணோம்.

அவர் கையில் இருந்த துண்டில் ரத்தக்கறை. சண்முகசுந்தரி எழுந்தேவிட்டாள்.

“அண்ணே! இங்க என்ன பண்றீங்க?”

“ஈறுல ரத்தம் கசியுது சிஸ்டரம்மா. சொத்தைப் பல்லு போல. புடுங்கிட்டு வெரசா நாலு மணி பஸ்ஸப் பிடிக்கணும்.”

“நெஞ்சு ஆப்பரேசன் பண்ணதச் சொன்னீங்களா?”

“ஃபாரத்துல இருதய நோய் இருக்கான்னு கேட்டாங்க. இல்லைன்னுட்டேன். அதத்தான் மதுரையில சரி பண்ணிட்டாங்களே!”

“வாயில என்ன இந்தப் பூண்டு வாடை?”

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. “வெள்ளனே எந்திரிச்சுப் பச்சையா பத்துப் பல்லு. ரெண்டு மாசமா! மாத்திரையும் ரத்தத்த நீர்க்க வைக்குது, பூண்டும் நீர்க்க வைக்குதாம். எம் மகன் சிவமுருகன் போன்ல காமிச்சான். ரெண்டு மாட்டைப் பூட்டுனா உழவு சீக்கிரம் முடியும்ல?”

“வண்டி குடை சாஞ்சுரும்ணே.”

“டோக்கன் பதினாலு!” என்று உள்ளிருந்து குரல் வந்தது. ஆண்டிச்சாமி எழுந்தார். சண்முகசுந்தரி அவர் கையிலிருந்த டோக்கனை வெடுக்கென்று பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். அன்றைக்குப் பிடுங்கப்பட்டது அது ஒன்றுதான்.

ரத்தத்தைச் சோதித்ததில், அது எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று காட்டும், மூன்றை ஒட்டி நிற்கவேண்டிய எண் ஏழைத் தொட்டிருந்தது. பல் டாக்டர் குறடைத் தட்டில் வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். ஆண்டிச்சாமியை வார்டில் சேர்த்தார்கள். கட்டில் இல்லாததால் சுவரோரம் ஒன்று புதிதாகப் போடப்பட்டது. மன அழுத்தம் போக்கப் போனவளுக்குக் கிடைத்தது முப்பத்திமூன்றாவது கட்டில்.

சாயங்காலம் ஆண்டிச்சாமி கேட்டார். “எண்ணெய், உப்பு, பீடின்னு அத்தனையும் வேணாம்னீங்க. பூண்டைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலியே?”

பள்ளங்கிக்காரரிடம் பூண்டு தின்பீர்களா என்று கேட்பது மூச்சு விடுவீர்களா என்று கேட்பது மாதிரி. அதைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். “கேட்டிருக்கணும்ணே. நான் கேக்கல” என்றாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அன்று அவள் உட்கார்ந்தது அந்த வராண்டா நாற்காலிக்கு அப்புறம் இப்போதுதான். கண்ணை மூடினாள். டிக் டிக் டிக். எந்த மலையையும் நினைக்கவில்லை.

ஒன்பதாம் கட்டில் கூப்பிட்டது. “இந்தா வந்துட்டேன்” என்று எழுந்தாள்.

மறுநாள் மேலிடத்துக் கடிதம் வந்தது: பயிற்சியின் பாதியில் எழுந்து சென்றது ஏன்? அவள் பதில் எழுதினாள், நின்றபடியே.

‘ஆழ்ந்து மூச்சை இழுக்கச் சொன்னார்கள். இழுத்தேன்.’