சதை வளர்ந்த புண்

என் தங்கை நீலாஞ்சனா பிறக்கும்போதே கால்களில் பாதித் தோல் இல்லை. எது உரசினாலும் கொப்புளம்தான். வளர வளர, கைவிரல்கள் புண்ணாகி ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. பரம்பரையாக வருகிற நோய், மருந்து கிடையாது என்று வைத்தியர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

செஞ்சியில் எங்களுக்கு மல்லாட்டை மண்டி, வேர்க்கடலை மொத்த வியாபாரம். அம்மா போன பிறகு அவளுக்குக் கட்டுப் போடுவது என் வேலையானது. காலையில் கொப்புளங்களை ஊசியால் குத்தி நீரை வடிப்பேன். தேங்காயெண்ணெய் தடவிய வாழைக்குருத்தை வைத்து, பழைய வேட்டித் துணியால் தளர்வாகச் சுற்றுவேன். குருத்து புண்ணில் ஒட்டாது.

"பட்டுப்பொடவைய எவனாச்சும் இப்டி இழுப்பானா? மெல்லண்ணா," என்பாள். மண்டியில் உட்கார்ந்தால் வியாபாரிகளை வாயாலேயே விரட்டுவாள். அவளைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்றவன் தப்பித்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் இடது கணுக்காலில் ஒரு புண் மட்டும் ஆறவில்லை. அடுத்த வருடம் அதன் நடுவில் சிவப்பாகச் சதை எழும்பியது. முப்பது வருடமாக உரிந்துகொண்டே இருந்த உடம்பு அது. எனக்குத் தலைகால் புரியவில்லை. "சதை போடுது, நீலா!" என்று கத்தினேன். மேல்சித்தாமூர் கோயிலில் அபிஷேகம்கூடச் செய்தோம். எவ்வளவு புத்திசாலி அண்ணன்! ஏழு மாதம் அதற்கு எண்ணெய் தடவி வளர்த்தேன்.

நாற்றம் வந்த பிறகுதான் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினோம். டாக்டர் ஒரு துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். மறுவாரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"புற்றுநோய். இந்த மாதிரி தோல்ல, ஆறாத புண்ல வரும். முழங்காலுக்குக் கீழே எடுத்தாகணும்."

"எடுத்தா பொழச்சிடுவாளா சார்?"

"பரவாம இருந்தா பொழைக்கலாம். எத்தனை மாசமா சதை வளருது?"

சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

நீலாவிடம் நானே போய்ச் சொன்னேன். "வெட்டட்டும். அந்தக் காலு எனக்கு இன்னா சொகத்த குடுத்துச்சு?" என்றாள். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் நர்ஸ் பிளாஸ்திரியைப் பிரித்தார். தோலும் கூடவே வந்தது. நீலா போட்ட சத்தத்தில் வார்டே எழுந்து நின்றது. நான் டாக்டரிடம் சண்டைக்குப் போனேன். நல்ல மனிதர், கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அந்த வார்டுக்கு வாழைக்குருத்து வந்தது. மூன்று மாதத்தில் வெட்டிய இடம் ஆறியது. நீலா மறுபடி மண்டிக்கு வந்தாள், மறுபடி எல்லோரையும் திட்டினாள். பிழைத்துவிட்டாள் என்றே நம்பினேன்.

பொங்கலுக்குள் தொடை இடுக்கில் நெறி கட்டியது. நோய் அங்கே போய்விட்டது, இனி வெட்டிப் பயனில்லை என்றார் டாக்டர். ஏழு மாதத்தைப் பற்றி அவர் பேசவில்லை. நான்தான் தினமும் பேசிக்கொண்டேன்.

ஆடியில் போய்விட்டாள். குளிப்பாட்டும்போது ஜெயமாலா அத்தை சீயக்காயை அழுத்தித் தேய்த்தாள்.

"தேய்க்காதே அத்தே, வலிக்கும்!" என்று கத்திவிட்டேன்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை கையை எடுத்துவிட்டு, வெறும் தண்ணீரை மெல்ல ஊற்றினாள்.