கொம்பி வானின் இடப்பக்கப் படி

அரிசி மூட்டையைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்கி, இடுப்பிலிருந்து கொம்பி வானின் பக்கப் படியில் மெல்ல இருத்துகிறார் அழகரத்தினம். ஐம்பது கிலோ. அதன்மேல் பத்துக் கிலோ மாப் பை ஒன்று. பிறகு குந்தியிருந்து படிக்குக் கீழே காதைக் கொடுத்துக் கேட்கிறார். ஐந்து நிமிடம் அப்படியே இருப்பார். ஒரு சத்தமும் வராது. வராது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஒழுங்கையால் போகிற ஐஸ்பழக்காரருக்கும் தெரியும். மூட்டைகளை இறக்கிவிட்டுச் செருப்பைக் கழற்றி, தானே ஏறி நின்று மூன்று தரம் மிதிப்பார். இறங்கியதும் பழைய பெனியன் துணியொன்றால் தன் காலடையாளத்தைத் துடைத்துவிடுவார். பேத்தாழையில் எங்கள் ஒழுங்கைக்கு நாலு மணி ஆகிவிட்டது என்று அர்த்தம்.

அறுபத்துநாலு வயது. குட்டை ஆள். முழங்கைவரை எப்போதும் தேங்காய் எண்ணெய் மினுங்கும். வாழைச்சேனைத் துறைமுகத்தில் முப்பது வருடம் பைபர் படகுகளுக்கு ஒட்டுப் போட்டவர். பைபர் தூள் தோலில் ஏறினால் கடித்தே கொன்றுவிடும், எண்ணெய் அதற்காக. வேலையை விட்டு எத்தனையோ காலமாகியும் எண்ணெய் பூசும் பழக்கம் போகவில்லை. இன்னொரு பழக்கமும் உண்டு. கண்ணில் படுவதையெல்லாம் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். பூசணிக்காய், கோயில் கதவு, கலியாண வீட்டு மேசை எதுவும் தப்பாது. ஒருமுறை நான் தலைக்கவசத்தைக் கழற்றுவதற்குள் அதையும் தட்டிவிட்டு, "உள்ளுக்க காத்து நிக்கிது தம்பி, வெடிச்சிரிக்கி" என்றார். உண்மையில் வெடித்துத்தான் இருந்தது. படகுக்காரர்கள் அப்படித்தான் பைபரைச் சோதிப்பார்கள். தட்டும்போது இறுகிய சத்தம் வந்தால் நல்ல படகு. அவ்வளவுதான் சாத்திரம்.

கொம்பி இங்கே வந்து சேர்ந்த கதை சிரிப்புக்குரியது. நுவரெலியாப் பக்கம் ஒருவருக்குப் படகு செய்துகொடுக்கப் போன மனிதர், பங்களாவின் பின்புறத்தில் கோழி அடைத்து வைத்திருந்த அந்த வானைக் கேட்டு வாங்கி, லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார். எழுபதுகளில் வந்த வான். உள்ளே மடித்து விரிக்கும் கட்டில், ஒரு சின்ன அலுமாரி, கைகழுவ ஒரு தொட்டி, எல்லா இடத்திலும் கோழி எச்சம். ஒழுங்கையே கூடி நின்று சிரித்தது. நானும் நன்றாகச் சிரித்தேன். சிரிக்காத ஒரே ஆள் அவருடைய மனைவி அஜந்தா.

அஜந்தா அக்கா வெல்லாவெளிக்காரி. சண்டைக் காலத்தில் பயணம் என்றாலே அவருக்குச் சோதனைச் சாவடிதான். பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, வரிசையில் நடந்து, அந்தப் பக்கம் போய் மீண்டும் ஏற வேண்டும். ஒரே பயணத்தில் ஏழு தரம் இறங்கி ஏறிய நாளை இப்போதும் சொல்லுவார். "ஆரும் இறங்கு எண்டு சொல்லாத வாகனத்துல ஒருக்காப் போகணும். சமைச்சு, சாப்பிட்டு, படுத்து, இறங்காமலே போகணும்" என்று கலியாணம் முடித்த வருடத்தில் சொன்னாராம். இருபத்தைந்து வருடம் கழித்துத்தான் அழகரத்தினம் கோழிக்கூட்டோடு வந்து நின்றார்.

இனித்தான் அவருடைய பிழை. வானின் அடித்தகரம் முழுக்கத் துருவேறிக் கறள். தகரவேலை தெரிந்தவர் என்றால் கறள் பிடித்த இடத்தை வெட்டி எறிந்து, புதுத் தகரம் வைத்து வெல்டிங் பிடிப்பார். அழகரத்தினத்துக்குத் தெரிந்தது படகு. கறளைக் கொஞ்சம் சுரண்டி, மேலே பைபர் விரித்து, பிசின் ஊற்றி, தேய்த்து, பெயின்ட் அடித்தார். மூன்று கிழமையில் கொம்பி மினுங்கியது. அஜந்தா அக்கா மஞ்சள் பூப்போட்ட சீத்தைத் துணியில் நாலு திரைகள் தைத்தார். புறப்படுவதற்கு முதல்நாள் ஏறிப் பார்த்துவிட்டு, "இஞ்சருங்க, இந்தப் படி காலுக்கு மெதுமெதுண்டு இரிக்கி" என்றார். அழகரத்தினம் குனிந்து தட்டினார். சத்தம் இறுக்கமாக வந்தது. "படகுல எத்தின பேர் ஏறி மிதிக்கிறாங்க. நீ ஒராள்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் அது நல்ல சத்தமாகத்தான் கேட்டது.

திருகோணமலைக்குப் புறப்பட்டார்கள். பனிச்சங்கேணிப் பாலம் கடந்து, கதிரவெளியில் கடலோரமாக வானை நிறுத்தினார் அழகரத்தினம். அக்கா உள்ளே கட்டிலில் சாய்ந்து, தேத்தண்ணிப் போத்தலைத் திறந்துகொண்டிருந்தாராம். "இறங்கிப் பாரு புள்ள, கடல் என்ன வடிவு" என்று கூப்பிட்டது இவர்தான். இறங்கினார். படி உடைந்து அக்காவின் கால் உள்ளே போனது. பைபருக்குக் கீழே தகரம் என்று ஒன்று இல்லை. கத்திபோல விளிம்புகள்தான் இருந்தன. குதிக்கால் நரம்பு அறுந்தது.

அது நடந்து ஏழு வருடம். அக்கா தடி பிடித்து நடக்கிறார். கொம்பிக்குக் கிட்டக்கூடப் போனதில்லை. அந்த மஞ்சள் திரைகள் இப்போது குசினி யன்னலில் தொங்குகின்றன. பாதி உயரம்தான் எட்டுகின்றன.

ஓட்டமாவடியிலிருந்து வந்த, வாகனத் தகரவேலை செய்யும் ரிங்கர் முகைதீன்பாவாதான் பைபரை உரித்துக் காட்டினார். "அண்ணன், நீங்க கறள மருந்து போட்டு ஆத்தல்ல. போர்வ போத்திப் படுக்க வெச்சிருக்கீங்க" என்றார். அழகரத்தினம் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அடுத்த நாள் முகைதீன்பாவாவிடமே வெல்டிங் பழகத் தொடங்கினார். வளவுக்குள் நாலு தென்னங்குற்றியில் வானைத் தூக்கி வைத்து, சாண் சாணாக வெட்டி, சாண் சாணாகத் தகரம் வைத்தார். உப்பு வாவிக்காற்று ஒரு பக்கத்தால் கறளைக் கொண்டுவர, இவர் மறுபக்கத்தால் சுரண்டினார். இடையில் பெயின்ட் கிடைக்காத வருடமொன்றும் வந்துபோனது. அந்தப் படியை மட்டும் நாலு தரம் பிரித்து நாலு தரம் வைத்திருக்கிறார்.

வெல்லாவெளி வயல்வட்டையில் கதிர் வரமுதல் இருக்குமே ஒரு பச்சை, அந்த நிறம்தான் வேண்டும் என்று அக்கா ஒரு காலத்தில் சொன்னது அவருக்கு ஞாபகம். தகரத் துண்டுகளில் பதினொரு பச்சை அடித்து, ஒவ்வொன்றாகக் குசினிக்குக் கொண்டுபோனார். அக்கா இறால் உரித்தபடியே "ஓம், நல்லம்" என்றார். பதினொன்றுக்கும் அதே "ஓம், நல்லம்".

போன மாசி மாதம் வேலை முடிந்துவிட்டது. "அக்காவ ஏறிப் பாக்கச் சொல்லுங்களன்" என்றேன். துடைக்கிற துணியைக் கையில் சுற்றிக்கொண்டார்.

"இறங்கு எண்டு சொன்ன வாயால ஏறு எண்டு சொல்ல ஏலாது தம்பி. அவவாத்தான் ஏறணும்."

"பிறகு ஏன் ஒவ்வொரு நாளும் படியத் துடைக்கிறீங்க?"

"முதல் அடையாளம் அவட காலா இருக்கணும்."

அக்காவோடு பேசிப் பார்ப்போம் என்று ஒருநாள் குசினிப் பக்கம் போனேன். கேட்காமலே சொன்னார்: "எனக்கு அந்த மனிசன்ல கோபம் ஒண்டும் இல்ல. கால்தான் கேக்குதில்ல. மூட்டையும் தூக்கி, மறுகா நாரி நோவுல இடுப்பப் பிடிச்சிக்கு இரிக்கிறார். போதும் எண்டு நீங்களாவது சொல்லுங்க." நான் போய்ச் சொல்லவில்லை. ஏழு வருடத்துக்கு முன் அந்தச் சத்தத்தைக் கேட்டு நானும் தலையாட்டியவன். எனக்கு என்ன வாய் இருக்கிறது?

போன ஞாயிறு நாலு மணிக்கு நான் அங்கேதான் இருந்தேன். மூட்டை ஏற்றி இறக்கி, மிதித்து, துடைத்தும் ஆகிவிட்டது. மழை இருட்டிக்கொண்டு வந்ததால் கொடியில் கிடந்த உடுப்புகளை எடுக்க அஜந்தா அக்கா வெளியே வந்தார். வழக்கமாகக் கிணற்றடியைச் சுற்றித்தான் போவார். அன்றைக்குப் பூக்கன்றுகளுக்கு ஊற்றிய தண்ணீரால் நனைந்த மணலில் தடியை ஊன்றி ஊன்றி, நேரே கொம்பியின் முன்னால் வந்து நின்றார். அழகரத்தினம் ஒதுங்கி வழிவிட்டார். துணி அவர் கையில் அப்படியே இருந்தது.

அக்கா தடியைத் தூக்கிப் படியில் இரண்டு தரம் தட்டினார். தலையைச் சரித்துக் கேட்டார். நல்ல இறுகிய சத்தம்.

"அண்டைக்கும் சத்தம் நல்லாத்தானே இருந்திச்சி" என்றார்.

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எங்கள் இருவருக்கும் நன்றாக இருந்திருக்கும். கொடிக்குப் போய் உடுப்புகளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வந்த வழியே திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார்.

பச்சைப் பெயின்டில், தடியின் இறப்பர் நுனி பதித்த இரண்டு வட்டங்கள் ஈரமணலாக இருந்தன. அழகரத்தினம் குந்தினார். துணியை விரலில் சுற்றி, படியின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை மெதுவாகத் துடைத்தார். இரண்டு வட்டங்களுக்கும் கிட்ட வந்தபோது விரலை வளைத்து, அவற்றைச் சுற்றித் துடைத்தார்.