எந்தப் படம்ணே?

காலை 6.40. பழனிசெட்டிபட்டி விலக்கில் முதலில் கண்ணில் பட்டது ஒரு ஜவுளிக்கடை ஃபிளெக்ஸ்: ‘பளபளக்கும் பட்டு, பார்த்தாலே மனசு விட்டு.’ மோனை இருந்தது, அர்த்தம் இல்லை. இருந்தும் இரண்டு முறை வாசித்தேன். மோனை ஆளை நிறுத்திவிடும்.

நிருபராகச் சேர்ந்த புதிதில், ‘கொட்டும் மழையில் கொள்ளை’ என்று ஏதாவது எழுதிக் கொடுப்பேன். துணையாசிரியர் சிவப்பு மையால் அடித்துவிடுவார். அந்த மோனை ஆசையைத் தெருவில் கேட்டுத்தான் தீர்த்துக்கொண்டேன். சினிமாக் கொட்டகை விளம்பரத்துக்காக ஜீப்பில் மைக் பிடித்து வருவார் செல்லையா அண்ணன். “கம்பத்துக் காளைகளே, கூடலூர்க் குயில்களே, குடும்பத்தோட வந்து குலுங்கிச் சிரிங்க!” சந்தையில் கத்தரிக்காய் விற்கும் பெண்களுக்குத் தாங்க முடியாத பெருமை.

“நம்மளப் போயி குயிலுங்கிறாகளே! அதுக்காச்சும் ஒரு நடை போகணும்டி.”

ஒரு சித்திரைத் திருவிழா மாலை. செய்தி சேகரிக்க நானும் போயிருந்தேன். அண்ணனோடு ஜீப்பில் வந்த அவர் மகள் பேச்சியைக் காணவில்லை. ஆறு வயது. அவர் மைக்கை எடுத்தார். வாய் பழகிய வழியிலேயே போனது: “பச்சைப் பாவாடை, பவள மாலை, பாசமகள் பேச்சியப் பாத்தீகளா?”

கூட்டம் விசிலடித்தது.

“எந்தப் படம்ணே? டிக்கெட்டு எம்புட்டு?”

மறுபடி சொன்னார். இம்முறை குரல் உடைந்தது. கைதட்டல் கூடியது. “அழுகையப் பாருடா, நெசம் மாதிரியே இருக்கு” என்றார் என் பக்கத்தில் நின்றவர்.

அண்ணன் மைக்கை இன்னும் கிட்டத்தில் பிடித்தார்.

“ஏலே... எம்மகளக் காணமப்பா. நெசமாத்தேன்.”

ராட்டினக்காரர் ராட்டினத்தை நிறுத்தினார். விசில் நின்றது. ஆளாளுக்குக் குனிந்து கடைகளுக்கு அடியில் தேடினார்கள். கொஞ்ச நேரத்தில் வளையல்காரம்மா பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். “எங்கடைக்கு அடியில தூங்கிட்டா ஆத்தா. அழுகாதீக, இந்தா பிடிங்க.”

நான்கு வரிச் செய்தியாக எழுதினேன். துணையாசிரியர் ஒரு சொல்லைக்கூட அடிக்கவில்லை.

அதற்குப் பின் அண்ணன் படத்தின் பேரையும் ஆட்ட நேரத்தையும் மட்டும் சொன்னார். “என்னண்ணே, நாங்க குயிலு இல்லையா இப்ப?” என்று சந்தையில் கேட்டார்கள். சிரித்துவிட்டு ஜீப்பை எடுக்கச் சொன்னார். கொட்டகை வேறு ஆளை வைத்துக்கொண்டது.

பேச்சி இப்போது அல்லிநகரத்தில் இருக்கிறாள். அப்பாவின் அந்தப் பழைய விளம்பரக் குரல் ஏதாவது கேசட்டில் இருக்கிறதா என்று போன மாதம் கேட்டேன். இல்லை என்றாள்.