கோட்டுப் பொத்தான் அளவு

வங்கிக் காவலாளியான தங்கை துப்பாக்கித் தேர்வில் ஒருமுறை தோற்றிருந்தாள். மறுபடி தோற்றால் வேலை போய்விடும். ஒருநாள் அவள் தையற்கார அண்ணனின் டப்பாவிலிருந்து கோட்டுப் பொத்தானை எடுத்து, காகிதத்தில் வட்டம் வட்டமாக வரைந்தாள்.

"தட்டு அளவு வட்டத்துலயே உன் குண்டு மூலைக்கொண்ணா போகுது. இதுல படுமாக்கும்?" என்றார் அண்ணன்.

"நூல் கோக்கறப்ப நீ ஊசி முழுசையுமா பாக்கறே? காதை மட்டுந்தானே, அண்ணா!"

இரண்டு மாதம் பயிற்சிக் கூடத்தில் அந்த வட்டங்களையே சுட்டாள். தேர்வில் பத்துக் குண்டும் தட்டு அளவு வட்டத்துக்குள்ளேயே பட்டன, வேலை தங்கியது.

தேர்வில் சுட்டு அவள் கொண்டுவந்த தாளில் அண்ணன் அதே பொத்தானை வைத்துப் பார்த்தார். ஒன்பது ஓட்டைகளை அது மூடியது. ஒன்று மட்டும் அரை விரல் தள்ளி இருந்தது.

"இது?"

"கடைசிக் குண்டு. அதைச் சுடறதுக்குள்ளயே தேறிட்டேன்னு நினைச்சுட்டேன்."

அண்ணன் சிரித்துக்கொண்டே அந்தத் தாளைக் கடைச் சுவரில் மாட்டினார்.