பெயர் மட்டும் சரி

காஞ்சிபுரத்தில் பத்திரம் எழுதும் ஓர் அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக வேலை செய்கிறேன். வாயால் சொல்வதை நான் நம்புவதில்லை. "எங்க தாத்தா காலத்துலேர்ந்து எங்க எடம்தான்மா" என்று சத்தியம் செய்துகொண்டு வருகிறவர்களிடம், "காகிதம் இருக்குதா?" என்று மட்டும் கேட்பேன். இல்லையென்றால் அந்தத் தாத்தாவை நான் கண்டுகொள்வதே இல்லை. இந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது.

அப்பாவுக்கு எண்பது வயது. நாற்பது வருடம் சாயப்பட்டறையில் அடுத்தவர் பட்டுநூலை முக்கி எடுத்தவர். நகக்கண்ணில் இன்னும் நீலம் இருக்கிறது. ஊரெல்லாம் தறிச் சத்தம் கேட்கும். எங்கள் வீட்டில் மட்டும் மிக்ஸி சத்தம்தான். நிலமும் கிடையாது, தறியும் கிடையாது. தம்பி ஐயம்பேட்டையில் வீடு கட்ட ஆரம்பித்ததும் அப்பா ஒன்றே ஒன்று கேட்டார். வாசலில் ஒரு கருங்கல், அதில் தன் கொள்ளுத்தாத்தாவின் பெயர்.

"நாமளும் எங்கேர்ந்தோதானம்மா வந்திருக்கோம். யாருன்னு பாத்துச் சொல்லு. நீதான் காகிதம் படிச்சவளாச்சே."

எங்கள் குடும்ப ஆவணங்கள் மொத்தமும் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் அடங்கிவிட்டன. பழைய ரேஷன் கார்டு இரண்டு, யாருடையது என்றே தெரியாத ஒரு கல்யாணப் பத்திரிகை, அப்பாவுடைய தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவேட்டு நகல். இந்தக் கடைசிக் காகிதத்தில் குழந்தையின் தகப்பன் பெயர் இருந்தது. அவருடைய தகப்பன் பெயரும் இருந்தது. ஊர், ஓரிக்கை. தொழில் என்ற இடத்தில், சாய்வான கையெழுத்தில், 'சொந்தத் தறியும் நஞ்சையும் உடையவர்' என்று எழுதியிருந்தது.

அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு, சமையலறையில் இருந்த அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி படிக்கச் சொன்னார்.

ஒரு காகிதத்தோடு நான் விட்டிருக்கலாம். அலுவலகத்துப் பரணில் கிடந்த பழைய கட்டுகளை நாலு மாதம் தும்மிக்கொண்டே புரட்டி, ஓரிக்கை நிலப் பத்திரம் ஒன்றைப் பிடித்தேன். அதே பெயர், அதே தகப்பன் பெயர். நான்கு எல்லைகளும் நடுவில் ஒரு கிணறும் இருந்தன. இரண்டு காகிதம் ஒன்றையே சொன்னால் என் தொழிலில் அதற்கு மேல் பேச்சில்லை.

அப்பா ஆளே மாறிப்போனார். டீக்கடையில் நெசவுக்காரர்கள் பேசும்போது அதுவரை டீயை மட்டும் குடித்துக்கொண்டிருந்தவர், தறியில் பாவு நூல் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்று கருத்துச் சொல்ல ஆரம்பித்தார்.

"சாயக்காரருக்கு எப்பப்பா தறி வந்துச்சு?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

"எங்க கொள்ளுத்தாத்தா காலத்துலியே," என்றாராம் அப்பா.

ஷேர் ஆட்டோ பிடித்து ஓரிக்கைக்கும் போனோம். கிணற்றைக் கண்டுபிடித்தோம். தண்ணீர் இல்லை. உள்ளே சீமைக்கருவேலம் முளைத்து, தலை மட்டும் வெளியே தெரிந்தது. அப்பா சுற்றிவந்து, இடிந்த சுவரிலிருந்து ஒரு செங்கல்லைப் பெயர்த்து மஞ்சள் பையில் போட்டுக்கொண்டார். திரும்பும் வழியெல்லாம் அதை மடியிலேயே வைத்திருந்தார். வீட்டில் அது ஷோகேஸில், தம்பி மகள் போட்டியில் வாங்கிய கோப்பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. கருங்கல்லில் மூன்று வரி வெட்டக் கொடுத்தோம். முதல் வரி பெயர், அடுத்தது ஊர், மூன்றாவது 'சொந்தத் தறியும் நஞ்சையும் உடையவர்'.

போதகர் வந்து ஜெபித்துப் புது வீட்டைத் திறந்துவைக்கும் பிரதிஷ்டைக்கு ஒரு வாரம் முன்பு அத்தை வந்தார். அப்பாவுக்கு அக்கா. காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் மட்டும் கத்தி. வெட்டி வந்திருந்த கல்லின் மேல் விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தவர், மூன்றாவது வரிக்கு வந்ததும் சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வந்து, தண்ணீர் குடித்து, மறுபடியும் சிரித்தார்.

"அட, இது அந்தக் கதைதானடா. எங்க ஆயா, அதான் அப்பாவப் பெத்தவங்க, சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. அவங்க மாமியாரு, கொழந்தயா இருந்த நம்ம தாத்தாவத் தூக்கிக்கினு ஞானஸ்நானத்துக்குப் போயிருக்காங்க. புருஷனை அன்னிக்குப் பண்ணைக்காரரு வுடல, கெணத்துல ஏத்தம் எறச்சிக்கினு இருந்தாராம். பதிவேடு எழுதற சபை உபதேசியாரு ஊருக்குப் புதுசு. புருஷன் பேரு இன்னான்னு கேட்டிருக்காரு. அந்தக் காலத்துல எவ தன் வாயால சொல்லுவா? அந்த நேரம் பாத்து, நடவ வுட்டுட்டு இங்க இன்னா வேலன்னு கத்திக்கினே பண்ணைக்காரரு வந்து நின்னாரு. அவருக்கும் அதே பேரு. இவங்க வெரல நீட்டி அவரக் காட்டிட்டாங்க."

"அப்புறம்?" என்று கேட்டது நான்தான். கேட்டிருக்கக் கூடாது.

"அப்புறம் இன்னா? உபதேசியாரு அவரக் கூப்ட்டு பேரு, அப்பன் பேரு, தொழிலு எல்லாம் கேட்டாரு. அந்த மனுஷன் சர்க்காரு எதுக்கோ எழுதிக்கினு போறாங்கன்னு நெனச்சி, தறி, நெலம்னு பெருமையா எழுத வச்சிட்டுப் பூட்டாரு."

போலிக் கையெழுத்தைப் பார்த்திருக்கிறேன். செத்தவர் கைநாட்டு வைத்த பத்திரத்தையும் பார்த்திருக்கிறேன். விரலை நீட்டியே வேறொருவரைக் குடும்பத்துக்குள் பதிவு செய்ததை அன்றுதான் பார்த்தேன். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும், வாழ்க்கையில் முதல் தடவையாகப் பொய்க் காகிதத்துக்காக வாதாடினேன்.

"வாய்ப்பேச்ச நம்ப முடியுமா அத்த? எழுத்துல இருக்குதே."

"எழுத்து இருக்குதும்மா. ஆளு வேற," என்றார் அத்தை.

அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். இரண்டு நாள் டீக்கடைப் பக்கமே போகவில்லை. எனக்கு அழுகையாக வந்தது. எண்பது வயதில் ஒருவருக்குத் தறியைக் கொடுத்து, ஒரே சாயங்காலத்தில் பிடுங்கிக்கொண்டோம். கொடுத்தவளும் நான்தான்.

மூன்றாம் நாள் காலை, இட்லிக்கு நடுவில் அப்பா அத்தையிடம் கேட்டார்.

"ஏன்கா, அந்தப் பண்ணைக்காரரு நம்ம ஆளை இன்னான்னு கூப்புடுவாராம்?"

"தன் பேரே இவனுக்கும் இருக்குதேன்னு அவருக்கு எரிச்சலாம்டா. 'டேய்'தான்."

"பொண்டாட்டியும் பேரு சொல்ல மாட்டா."

"எப்பிடிச் சொல்லுவா?"

"எழுதனதுலியும் வேற ஆளு."

அப்பா என் பக்கம் திரும்பினார். "பேரு மட்டும் சரிதானம்மா?"

"பேரு சரிதான்பா."

அன்றே கல்வெட்டுகிறவரிடம் போனோம். மூன்றாவது வரியை எடுக்க வேண்டும் என்றோம். அவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "எழுதத்தான் எல்லாரும் வருவாங்க. அழிக்க வந்தது நீங்கதான்மா. எழுத்து போவும், பள்ளம் நிக்கும், பரவாலியா?" பரவாயில்லை என்றார் அப்பா. ஊர் வரி அப்படியே இருக்கட்டும் என்றோம், எங்கள் ஆளும் ஓரிக்கையில்தான் இருந்தார்.

செங்கல்லையாவது தூக்கிப் போடலாம் என்றான் தம்பி. அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. "கெணறு அவுருது. எறச்சது யாரு? அது இங்கியே இருக்கட்டும்."

பிரதிஷ்டை அன்று வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். போதகர் வந்தார். "ஐயா, கண்ணு சரியாத் தெரியல. அந்தக் கல்லுல இன்னா எழுதியிருக்குதுன்னு கொஞ்சம் சத்தமாப் படிங்க," என்றார் அப்பா. போதகர் படித்தார். அடுத்து எலக்ட்ரீஷியன் படித்தார். டீக்கடை நெசவுக்காரர்கள் ஒவ்வொருவராகப் படித்தார்கள். ஆறு மாதத்துக்கு முன்பு கண் ஆபரேஷன் செய்து, ஊசியில் நூல் கோக்கிற பார்வை அப்பாவுக்கு.

இப்போதும் கேஸ் கொண்டுவருகிறவர்கூட படிக்காமல் சிலிண்டரை இறக்க முடியாது. அந்த மனிதர் இருந்தவரை வீட்டிலும் கூப்பிடாத, வயலிலும் கூப்பிடாத பெயரை, வாசலுக்கு வருகிறவர்கள் எல்லாரும் நின்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள்.

இதை எழுதும்போது அந்தப் பெயரைப் போடலாமா என்று அப்பாவைக் கேட்டேன்.

"போடாத," என்றார். "வேணும்னா வூட்டாண்ட வந்து படிக்கச் சொல்லு. சத்தமா."