கைமாத்துப் பட்டன்

நாங்கள் உருவாக்கிய மொபைல் விளையாட்டில் சுமதி என்ற பெண், மாதம் பாதி தாண்டுவதற்குள் கையில் காசில்லாமல் நின்றாள். பிள்ளைக்கு ஜுரம். டாக்டருக்குக் கொடுக்கப் பணம் இல்லை. சோதனைக்காக ஆடிப் பார்த்தவர்களில் பாதிப் பேர் அந்த இடத்தில் ஆப்பை மூடிவிட்டுப் போனார்கள். திரும்பி வரவில்லை. கேம் டிசைனராக என் பெயரில் வந்து விழுந்த முதல் சிக்கல் அது.

எங்கள் ஆபீஸ் சத்துவாச்சாரியில் ஒரு மொபைல் கடையின் மாடியில் இருந்தது. நாங்கள் செய்துகொண்டிருந்தது வாழ்க்கை சிமுலேஷன் வகை: சுமதியை வேலைக்கு அனுப்பலாம், வாடகை கட்டலாம், பிள்ளையைப் படிக்கவைக்கலாம். நான் அதற்கு முன்பு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் சம்பளப் பிரிவில் இருந்தவள். அதனால்தான் ஓனர் பாஸ்கர் சார் பணப் பகுதியை என்னிடம் கொடுத்தார். மற்ற கேம்களில் காசு மழையாகக் கொட்டுகிறது, நம்முடையதில் சம்பளம் சம்பளம் மாதிரி வரவேண்டும் என்றார். அப்படியே செய்தேன். மாதத்துக்கு ஒரு தடவை சம்பளம், பிஎஃப், இஎஸ்ஐ பிடித்தம், வாடகை, கேஸ், ஸ்கூல் ஃபீஸ். சரியாகச் செய்துவிட்டோம் என்றே நினைத்திருந்தேன்.

வீடியோ கால்

எங்களுக்குப் பணம் போட்ட பப்ளிஷர் சென்னைக் கம்பெனி. அவர்கள் தரப்பில் பேசியவர் விவேக். கெட்ட மனிதர் இல்லை. அவரிடம் தீர்வு தயாராக இருந்தது. பிள்ளைக்கு ஜுரம் வந்து, சுமதியின் பர்ஸ் காலியாகும்போது திரையில் ஒரு பட்டன் வரவேண்டும். ஆடுகிறவர் நிஜப் பணம் கட்டினால் பர்ஸ் நிறையும். நிறைய கேம்களில் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள் என்று காட்டினார்.

"அந்த இடத்துலதான் மேடம் கண்டிப்பா வாங்குவாங்க."

வாங்குவார்கள் என்று எனக்கும் தெரியும். சம்பளப் பிரிவில் என் மேசை முன்னால் அட்வான்ஸ் கேட்டு நின்றவர்களின் முகங்களைப் பார்த்தவள் நான். அந்த நேரத்தில் என்ன நிபந்தனை போட்டாலும் தலையாட்டுவார்கள்.

"சார், புள்ளைக்கு ஜுரம்னு நிக்கிறவங்க எதிர்ல உண்டியல் வெக்கிற வேலைய நான் செய்ய மாட்டேன்" என்றேன்.

பாஸ்கர் சார் அடுத்த சோதனைப் பதிப்பு, அதாவது அடுத்த பில்ட் வரை அவகாசம் கேட்டு வாங்கினார். கால் முடிந்ததும் என் பக்கம் திரும்பினார். பப்ளிஷர் கைவிட்டால் ஆபீஸில் யாருக்கும் சம்பளம் இல்லை என்பதை ஒளிக்காமல் சொன்னார்.

"வேணாம்னு சொல்லிட்ட, சரி. வேற இன்னா போடப் போற, அத சொல்லு ஹெலன்."



வெயிலைப் பற்றியே பேசும் பக்கத்து வீட்டுக்காரி

ஞாயிறன்று கோவில் ஆராதனை முடிந்ததும் ஆம்பூருக்குப் போனேன். பழைய கம்பெனியில் ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கும் செக்ஷனில் இருக்கும் தேன்மொழி என் சிநேகிதி. போனை அவளிடம் கொடுத்துவிட்டு எதுவும் சொல்லாமல் உட்கார்ந்தேன். ஜுரம் வந்தது, பர்ஸ் காலி. அவள் மூடவில்லை. சுமதியை நேராகப் பக்கத்து வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கதவைத் தட்டினாள். இன்று வெயில் அதிகம் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. தேன்மொழி மறுபடியும் தட்டினாள். மறுபடியும் வெயில்.

"இன்னாக்கா இவ, எப்பப் பாத்தாலும் வெயிலயே பேசறா? ஒரு ஐந்நூறு கைமாத்து கேக்கலாம்னா கேக்க வுட மாட்டேன்றா."

சிரித்தேன். உடனே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மொத்தப் பணத்தையும் நான் சுமதியின் பர்ஸுக்குள் வைத்திருந்தேன். பர்ஸை மட்டும் நம்பி மாதத்தை ஓட்டுகிற ஒரு ஆளையும் எனக்குத் தெரியாது.

மறுநாளே வேலையை ஆரம்பித்தோம். பக்கத்து வீட்டில் கைமாத்து, தெருவில் ஒரு சீட்டு, அவசரத்துக்கு அடகுக் கடை. அக்கம்பக்கத்தாரும் சுமதியிடம் கேட்டு வருவார்கள். யார் கொடுத்தார், யார் இல்லையென்றார் என்பதை ஒவ்வொருவரும் நினைவில் வைப்பார்கள். புரோகிராமர் அருள் இது பெரிய வேலை என்று முனகிக்கொண்டே எழுதினான். பேலன்ஸ் பண்ணுவதுதான் பேஜாராக இருந்தது. முதல் பில்ட்டில் ஒருவர் சுமதியை வேலைக்கே அனுப்பாமல் தெரு முழுக்கக் கடன் வாங்கி ராணி மாதிரி வைத்திருந்தார். அந்த ஒருவர் பாஸ்கர் சார்.

நிஜப் பணத்துக்கான கடையையும் வேறு இடத்தில் போட்டோம். புது வீட்டுக்குப் பெயிண்ட், பண்டிகைத் துணி, கல்யாணப் பந்தல். விருப்பப்பட்டவர் வாங்கட்டும்.

பக் ரிப்போர்ட்

புது பில்ட்டை ஆடிப் பார்த்த விவேக் நேராக எனக்கே போன் செய்தார். தன் சுமதிக்கு யாருமே கடன் தருவதில்லை, இது புரோகிராமில் உள்ள பிழை, பக்தானே என்று கேட்டார். அவருடைய ஆட்டத்தைத் திறந்து பார்த்தேன். கேட்டு வந்த ஒவ்வொருவருக்கும் இல்லையென்று சொல்லியிருந்தார்.

"பக் இல்ல சார். நீங்க யாருக்கும் குடுக்கல."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். முதலிலிருந்து ஆடிப் பார்க்கிறேன் என்றார். எங்களுக்காகத் தன் கம்பெனியில் வாதாடியவரும் அவரேதான்.

கேம் வெளியானது. அந்தப் பட்டன் இருந்திருந்தால் இன்னும் ஜாஸ்தி பணம் வந்திருக்கும் என்று விவேக் இன்றும் சொல்வார், உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வந்தவர்கள் மாதக்கணக்கில் நின்று ஆடினார்கள். எங்கள் ஆபீஸில் ஒருவருக்கும் சம்பளம் தவறவில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்: ஆடுகிறவர் சந்தோஷமாக இருக்கும் இடத்தில் கடை போடுங்கள். கையைப் பிசைந்து நிற்கும் இடத்தில் போடாதீர்கள்.

போன மாதம் பேரணாம்பட்டிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். முன் சீட்டில் கம்பெனி அடையாள அட்டை மாட்டிய ஒரு பெண் எங்கள் கேமை ஆடிக்கொண்டிருந்தாள். திரையில் பக்கத்து வீட்டுக்காரி வந்து கடன் கேட்கிறாள். சுமதியிடம் இருப்பதே கம்மி. அந்தப் பெண்ணின் விரல் திரைக்கு மேலேயே நின்றது. பக்கத்தில் இருந்தவளிடம் போனைக் காட்டினாள்.

"இவளுக்குக் குடுக்கலாமா?"

"உனக்குக் குடுத்தாளா?"

"குடுத்தா."

"அப்ப குடு."

கொடுத்தாள். அதை உருவாக்கியவள் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. பள்ளிகொண்டா தாண்டும் வரை என் முகத்திலிருந்த சிரிப்பை என்னால் அடக்க முடியவில்லை.